பங்குக்குப் போன கிடாரி

தன் கிடாரியை, இன்னும் கன்று போடாத இளம்பசுவை, பங்கில் கொழுந்தனுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்ற செய்தி மிளகாயின் காதுக்கு வந்தபோது அவள் பால் கறந்துகொண்டிருந்தாள்.

மிளகாய் என்பது தெரு வைத்த பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அது அவளுக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. பெயர் வைத்தவர்கள் அத்தனை பேரும் விடிந்தால் பாலுக்குச் சொம்பைத் தூக்கிக்கொண்டு அவள் வாசலில்தானே வந்து நிற்க வேண்டும்.

செய்தியைக் கொண்டுவந்தவர் அவள் புருஷன். தையல்காரர். வீட்டு முன்னறைதான் அவர் கடை. நடுவில் ஒரு அறை, அப்புறம் அடுப்படி, அதையும் தாண்டினால் தகரக் கூரை போட்ட மாட்டுக் கொட்டகை. கடையைவிட்டு அவர் கொட்டகைப் பக்கம் வருவதே அபூர்வம். அன்று கழுத்தில் தொங்கிய டேப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசற்படியிலேயே நின்றார்.

"தனிக்குடித்தனம் போற தம்பி ஞாயித்துக்கிழமை லாரி கொண்டுட்டு வரானாம். அந்தக் கட்டில், பீரோ, பெரிய அண்டா எல்லாம் ஏத்திட்டுப் போறான். அப்புறம் கிடாரியும்."

"கிடாரி எதுக்கு?"

"அது அவன் பங்கு. பேசி முடிச்சாச்சு."

கறவையைப் பாதியில் விட முடியாது. விட்டால் மடி கெட்டுப்போகும். ஆகவே மிளகாய் எழுந்திருக்கவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கோபம் முழுவதும் விரலுக்கு இறங்கியது. பசுவுக்கு அது பிடிக்கவில்லை. ஒரே உதை. வாளி உருண்டு போய்ச் சுவரில் மோதியது. பால் மொத்தமும் மண்ணுக்குப் போனது.

"போதுமா?" என்றாள். "யாரைக் கேட்டு முடிச்சீங்க?"

"இருக்கற நாலுல ஒண்ணுதானே அவன் கேட்டான். கூடப் பிறந்தவன். மாடுதானேன்னு சரின்னுட்டேன்."

"உங்க தையல் மிஷினைக் குடுக்கறதுதானே?"

"அது எப்படிக் குடுப்பேன்? மிஷின் என் தொழிலாச்சே."

அந்த ஒரு வார்த்தையில் அவளுக்கு உச்சந்தலைவரை ஏறிவிட்டது. "அப்ப இது என்ன? நான் பொழுதுபோகாம மாட்டோட விளையாடிட்டு இருக்கேனா?"

அவர் வாடிக்கையாளர் யாரோ கூப்பிட்ட மாதிரி முன்னறைக்கு நடந்தார். யாரும் கூப்பிடவில்லை.

மற்ற மூன்றில் ஒன்றைக் கேட்டிருந்தால்கூட அவள் கத்தித் தீர்த்துவிட்டுக் கொடுத்திருப்பாள். இந்தக் கிடாரி வேறு. பிறந்து கால் நிற்பதற்குள் தாய்ப்பசு காய்ச்சலில் போய்விட்டது. பாட்டிலில் பால் புகட்டி, மழைநாளில் அடுப்படிச் சாம்பல் சூட்டில் படுக்கவைத்து, வயிற்றுப்போக்குக்கு மருந்து ஊற்றி, அதைப் பிழைக்க வைத்தவள் அவள். கொஞ்சம் வளர்ந்ததும் அது வீட்டுக்குள்ளேயே சுற்றும். ஒரு தடவை முன்னறைக்குப் போய் யாருடைய புதுச் சட்டைக் கையையோ மென்று விழுங்கிவிட்டது. தையல்காரர் அந்த ஆளுக்கு அரைக்கைச் சட்டை தைத்துக் கொடுத்து, "இப்ப இதுதாங்க எல்லாரும் போடறாங்க" என்று சமாளித்தார். அந்தக் கன்று இப்போது முதல் சினையாக, வயிறு தள்ளி நிற்கிறது. அதைத்தான் இரண்டு ஆண்கள் டீ குடித்துக்கொண்டே அண்டாவுக்கும் பீரோவுக்கும் நடுவில் பங்கு போட்டிருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் வந்தான். சொந்தமாகச் சின்ன லாரி ஓட்டுகிறவன். ஊரின் மறுகோடியில் வாடகைக்கு வீடு பார்த்துக் கொல்லையில் புதிதாகக் கொட்டகையும் போட்டிருந்தான். கட்டிலும் பீரோவும் ஏறின. கிடாரியிடம் வந்தபோது மிளகாய் குறுக்கே நின்றாள்.

"மடியைப் பாரு. இறங்கி நிக்குது. இன்னைக்கோ நாளைக்கோ கன்னு போட்டுடும். இந்த நேரத்துல அசைக்கக் கூடாது."

மடி இறங்கியிருந்தது உண்மைதான். ஆனால் தலை ஈத்துக் கிடாரிக்கு மடி வெகு நாள் முன்னாலேயே பருக்க ஆரம்பித்துவிடும். அதை மட்டும் வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது. மிளகாய்க்கு இது நன்றாகத் தெரியும். லாரிக்காரனுக்குத் தெரியாது. தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டான்.

அடுத்த முறை வந்தபோது, "வாலைத் தூக்குது, தீனி எடுக்கல, காம்பெல்லாம் பளபளன்னு ஆயிடுச்சு" என்றாள். ஒன்றும் ஆகவில்லை. கிடாரி அவள் முதுகுக்குப் பின்னால் நின்று சாவகாசமாக வைக்கோல் மென்றுகொண்டிருந்தது. லாரிக்காரன் அதை ஒரு பார்வை பார்த்தான், அண்ணியை ஒரு பார்வை பார்த்தான். எதையோ முணுமுணுத்தபடி வண்டியைத் திருப்பினான். அவன் போன பிறகு மிளகாய்க்குச் சிரிப்பு வரவில்லை. இப்படிக் கிடாரியின் வயிற்றைக் காட்டிப் பொய் சொல்ல வைத்துவிட்டார்களே என்று அதற்கும் சேர்த்துப் புருஷன்மேல்தான் கோபம் வந்தது. அவருக்குச் சோறு போடும் தட்டு அந்த நாட்களில் தரையில் 'ணங்'கென்று விழும்.

மூன்றாவது முறை அவன் வரப்போகும் நாள் காலையில் அவள் தீனிக்கூடையோடு கொட்டகைக்குள் போனாள். கூடையைக் கீழே வைக்க விடாமல் தலையை நுழைக்கிற கிடாரி அன்று கிட்டவே வரவில்லை. மற்ற மாடுகளைவிட்டு ஒதுங்கி, மூலையில் சுவரைப் பார்த்து நின்றது.

மிளகாய் கூடையை வைத்துவிட்டுப் பக்கத்தில் போனாள். நேற்றுவரை சுருக்கம் விழுந்திருந்த காம்புகள் நிறைந்து விறைத்து, எண்ணெய் பூசினாற்போல் மின்னின. வாலடியின் இரண்டு பக்கமும் விரல் வைத்துப் பார்த்தாள். எப்போதும் இழுத்துக் கட்டிய கயிறுபோல் விண்ணென்று இருக்கும் இடம் அது. இன்று கயிறே இல்லை, பிசைந்த மாவில் அழுத்துவதுபோல் விரல் உள்ளே போனது. குழி விழுந்து வால் தனியாகத் தூக்கி நின்றது. கன்று வெளிவரும் வழியான அறை வீங்கித் தளர்ந்து, அதிலிருந்து கண்ணாடி இழைபோலத் தெளிவான சளி தொங்கிக்கொண்டிருந்தது. கிடாரி காலை மாற்றி மாற்றி வைத்தது. யாரோ கூப்பிட்டதுபோலத் திரும்பித் தன் வயிற்றையே பார்த்தது.

 இதையெல்லாம் மிளகாய் ஏற்கெனவே கொழுந்தனிடம் பொய்யாகச் சொல்லியாகிவிட்டது. சொன்னது ஒன்று தவறாமல் இப்போது எதிரே நிற்கிறது. பார்ப்பது கண்ணா, இல்லை ஆசையா என்று ஒரு நிமிஷம் அவளுக்கே சந்தேகம் வந்தது. மறுபடி வாலடியைத் தொட்டாள். மறுபடியும் விரல் உள்ளேதான் போனது.

லாரி வந்தது. இந்தத் தடவை கொழுந்தன் தன் மனைவியையும் கூட்டி வந்திருந்தான். சின்னவள் அதிகம் பேசாதவள். கல்யாணமாகி இந்த வீட்டில் இருந்த காலம் முழுவதும் அடுப்படியைவிட்டுக் கொட்டகைப் பக்கம் வரவே மாட்டாள். வந்தால் மிளகாய் ஏதாவது சொல்வாள் என்று பயம்.

"இன்னைக்கு வேண்டாம்" என்றாள் மிளகாய். "நிஜமாவே கன்னு போடப் போகுது."

"போன தடவையும் இதேதான் சொன்னீங்க அண்ணி. அதுக்கு முந்தின தடவையும்."

"அது பொய். இது நிஜம்."

லாரிக்காரன் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். "பொய்னு நீங்களே சொல்றீங்களே! அடுத்த வாரம் வந்தா இதுவும் பொய்ம்பீங்க."

"சொன்னது பொய்னா, மாடும் பொய்யா? தொட்டுப் பாருடா. வாலடியில கை வெச்சுப் பாரு!"

"எனக்கு லாரிதான் தெரியும். எனக்கு என்னத்தைக் காட்டினாலும் சரின்னு நம்பிட்டுப் போவேன்னுதானே காட்டறீங்க?"

தையல்காரர் உள்ளே வந்து, "விடு. தெருவே வேடிக்கை பார்க்குது" என்றார்.

"பார்க்கட்டும். நீங்க பங்கு போட்ட அழகை அவங்களும் பார்க்கட்டும்."

பேசிக்கொண்டே மிளகாயின் பார்வை சின்னவள்மேல் விழுந்தது. அவள் கிடாரியின் பின்பக்கம் நின்று அந்த வாலடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா பார்க்கிறாள் என்று தெரிந்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

பலகையைச் சாய்த்து வைத்துக் கிடாரியை ஏற்றினார்கள். அது ஏற மாட்டேன் என்றது. பின்னால் தள்ளித்தான் ஏற்ற வேண்டியிருந்தது. மிளகாய் வைக்கோலை அள்ளி லாரிக்குள் வீசினாள். நாலு சாக்கை வீசினாள். ஒரு வாளி, ஒரு மெல்லிய கயிறு. கடைசியில் தானும் ஏறினாள்.

"நீங்க எங்க வரீங்க?"

"அது எங்க போகுதோ அங்க."

"இறங்குங்க அண்ணி."

"இறக்கித்தான் பாரேன்."

தையல்காரர் லாரியைப் பிடித்துக்கொண்டு, "அடுப்புல உலை கொதிக்குதே!" என்றார்.

"அதுல உங்க டேப்பைப் போட்டு வேக வைங்க!"

லாரி கிளம்பியது. கடைத்தெருவைத் தாண்டுவதற்குள்ளேயே கிடாரி படுக்கப் பார்த்தது. வண்டி ஆடிய ஆட்டத்தில் முடியாமல் எழுந்தது. மறுபடி மண்டி போட்டது. முதுகை வளைத்து, மூச்சைப் பிடித்து முக்கியது. மிளகாய் அதன் கழுத்தைத் தன் தோளில் தாங்கிக்கொண்டு பின்னால் எட்டிப் பார்த்தபோது, நீர் நிறைந்த பலூன்போலத் தண்ணிக்குடம் வெளியே வந்துகொண்டிருந்தது.

அவள் டிரைவர் கூண்டின் தகரத்தில் ஓங்கி அடித்தாள். "நிறுத்து! நிறுத்துடா!"

உள்ளே ரேடியோ பாட்டு இன்னும் சத்தமானது.

அவள் வாளியை எடுத்து அடித்தாள். கூண்டின் பின்பக்கச் சின்னக் கண்ணாடி வழியே இரண்டு தலைகள் தெரிந்தன. சின்னவள் திரும்பிப் பார்த்தாள். புருஷனிடம் என்னவோ சொன்னாள். அவன் தலையை ஆட்டி மறுத்தான். மறுபடி சொன்னாள். மறுபடி ஆட்டினான். வாழ்க்கையில் அத்தனை கெட்ட வார்த்தைகள் தனக்குத் தெரியும் என்பது மிளகாய்க்கே அன்றுதான் தெரிந்தது.

லாரி ஒரு திருப்பத்தில் வேகம் குறைத்தபோது சட்டென்று என்ஜின் நின்றது. வண்டி உருண்டுபோய் ஓரமாக நின்றது. பாட்டும் நின்றது. சின்னவள் கையை நீட்டிச் சாவியைத் திருகிவிட்டிருந்தாள்.

"பைத்தியமா உனக்கு?" என்று அவன் கத்துவது கேட்டது.

"இறங்கிப் போய்ப் பாருங்க" என்றாள் அவள். குரல் உயரவே இல்லை.

அவன் இறங்கி வந்து பார்த்தான். என்ஜினை மறுபடி கிளப்ப அவன் போகவில்லை.

நின்ற இடத்துக்கு எதிரே வண்டி கழுவும் ஷெட் ஒன்று இருந்தது. லாரியைத் தள்ளி அதற்குள் விட்டார்கள். ரப்பர் பூட்ஸ் போட்ட முதலாளி ஓடி வந்தார்.

"ஏய், ஏய்! இது வண்டி கழுவற இடம்ப்பா. மாட்டாஸ்பத்திரி இல்ல!"

"அப்ப வண்டியை அப்புறம் கழுவுங்க" என்றாள் மிளகாய். "அந்த இரைச்சல் மிஷினை முதல்ல நிறுத்துங்க. ஒரு வாளி தண்ணி குடுங்க. மாடு பயப்படுது, கத்தாதீங்க!"

கத்தியது அவள்தான். ஆனாலும் அவர் மிஷினை நிறுத்தினார்.

லாரிக்குள்ளேயே வைக்கோலைப் பரப்பி, மேலே சாக்கு விரித்துக் கிடாரியைப் படுக்கவிட்டார்கள். தண்ணிக்குடம் உடைந்தது. வெளிறிய மஞ்சள் குளம்புகள் இரண்டு தெரிந்தன. அவற்றின்மேல் நாக்கு நுனி. அதோடு நின்றுவிட்டது. கிடாரி முக்கியது, ஓய்ந்தது, முக்கியது. குளம்பு ஒரு விரற்கடை வரும், அது ஓய்ந்ததும் உள்ளே போய்விடும்.

லாரிக்காரன் கயிற்றை எடுத்துக் கால்களில் மாட்டி இழுக்கப் போனான்.

"இருங்க" என்றது ஒரு குரல். "அது முக்கும்போதுதான் இழுக்கணும். சும்மா இருக்கறப்ப இழுத்தா உள்ளே கிழிஞ்சுடும். கயிறைக் கணுவுக்கு மேல போடுங்க."

அதைச் சொல்ல மிளகாய் வாயைத் திறந்திருந்தாள். சொன்னது சின்னவள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்கம்மா வீட்டுல எருமை வெச்சிருந்தோம்."

"அப்ப காலையில வாலடியைப் பார்த்துட்டுத்தானே நின்னே?"

"பார்த்தேன். குழி விழுந்திருந்தது."

மிளகாய்க்குக் கொழுந்தன்மேல் இருந்த கோபம், புருஷன்மேல் இருந்த கோபம் எல்லாம் திரண்டு இந்த ஒருத்தியின்மேல் பாய்ந்தது. "தெரிஞ்சுமா வாயை மூடிட்டு நின்னே? தொண்டையில என்ன அடைச்சிருந்தது? ஒரு வாயில்லாத ஜீவனை லாரியில ஏத்தறாங்க, நீயும் பார்த்துட்டே நிக்கற!"

"நான் சொன்னேன்க்கா. அங்கேயும் அவர் காதுல சொன்னேன், வண்டியிலயும் சொன்னேன்." சின்னவள் இந்த முறை தலை குனியவில்லை. "யாரு கேட்டா? நீங்க ரெண்டு வாட்டி கதை விட்டீங்க. அதனால நான் சொன்னதும் கதைன்னுட்டாரு. அக்காவும் நீயும் கூட்டு சேர்ந்துட்டீங்களான்னு கேட்டாரு. என் பேச்சையும் சேர்த்து நீங்கதான் கெடுத்தீங்க."

மிளகாய் கிடாரியின் தலைப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.  கிடாரி முக்க ஆரம்பித்தது.

"இழுங்க!" என்று இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

லாரிக்காரன் இழுத்தான். "கீழ்ப்பக்கமா இழு! நேரா இல்ல!" ஒரு காலை, பிறகு மறு காலை. சின்னவள் விரலால் சுற்றிலும் விலக்கிவிட்டாள். மிளகாய் கிடாரியின் தலையருகே உட்கார்ந்து, "இன்னொரு வாட்டி, இன்னும் ஒரே ஒரு வாட்டி" என்று அதன் காதுக்குள் சொன்னாள். மூக்கு வந்தது, நெற்றி வந்தது. நெற்றி வந்த பிறகு மீதி எல்லாம் ஒரே வழுக்கில் சாக்கின்மேல் வந்து விழுந்தது.

கன்று மூச்சு விடவில்லை.

சின்னவள் அதன் வாய்க்குள் விரலை விட்டுச் சளியை வழித்து எறிந்தாள். மிளகாய் ஒரு வைக்கோலை எடுத்து அதன் மூக்குத் துளையில் நுழைத்துக் குடைந்தாள். சாக்கால் மார்பைப் பரபரவென்று தேய்த்தாள். தேய்க்கும்போதும் வாய் ஓயவில்லை. "எழுந்திரு. உன்னையும் பங்கு போட்டுடுவாங்கன்னு பயமா? எழுந்திரு!" மறுபடி வைக்கோலை நுழைத்தாள். கன்று தும்மியது. பெரிய தும்மல். தலையை உதறிக்கொண்டு காதை ஆட்டியது.

ஷெட் முதலாளி, "கடேரிக் கன்னும்மா, பொட்டைக் கன்னு" என்றார், ஏதோ தான் கண்டுபிடித்ததுபோல. அவர் கண் கலங்கியிருந்தது. அதை மறைக்கவோ என்னவோ, லாரி டயரில் தண்ணீர் அடிக்கத் தொடங்கினார்.

கிடாரி எழுந்து கன்றைப் பார்த்துப் பயந்து பின்வாங்கியது. இப்படி ஒன்று தன்னிடமிருந்து வரும் என்று அதற்கு யாரும் சொல்லவில்லையே. மிளகாய் கன்றின் ஈரத்தைக் கையில் வழித்து அதன் மூக்கில் தடவினாள். கொஞ்சம் முகர்ந்தது. பிறகு நாக்கை நீட்டியது. ஒருமுறை நக்கியதும் அப்புறம் அதை நிறுத்த முடியவில்லை.

லாரிக்காரன் படியில் உட்கார்ந்திருந்தான்.  கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டு, "அண்ணி, வீட்டுக்கே திருப்பிடட்டுமா?" என்றான்.

அந்தக் கேள்விக்காகத்தான் அவள் அத்தனை பொய் சொன்னாள். இப்போது அது கேட்காமலே வந்திருக்கிறது. ஆனால் தன் வீடு வெகு தூரம் பின்னால் இருந்தது. அவன் வீடு இரண்டு தெரு தள்ளி. கிடாரிக்குக் கால் நிற்கவில்லை. நஞ்சுக்கொடி இன்னும் விழவில்லை.

"உன் வீட்டுக்கே விடு" என்றாள். சொன்னபோது அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. "மெதுவா விடு. ரேடியோவைப் போட்டே, கையை உடைச்சுடுவேன்."

புதுக் கொட்டகையின் தரையைப் பார்த்ததும் அடுத்த சண்டை ஆரம்பமானது. கண்ணாடிபோலச் சிமென்ட் பூசி வைத்திருந்தான். "மாடு நிக்கவா, இல்ல சறுக்கி விளையாடவா?" அன்றே மண் கொட்ட வைத்தாள். கொடி விழும்வரை உட்கார்ந்திருந்தாள். சீம்பாலைப் பீய்ச்சிக் கன்றுக்குக் கொடுத்தாள். கிடாரி சின்னவள் கைக்குப் பால் விடப் பழகும்வரை அங்கேயே தங்கினாள். அந்தச் சண்டைக்குப் பிறகு கொழுந்தனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சின்னவளோடு பேசினாள், எல்லாம் வாக்குவாதம். தண்ணீர் எவ்வளவு காட்டுவது, கன்றை எங்கே கட்டுவது, எதிலும் ஒத்துப்போகவில்லை. ஆனால் சின்னவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். அத்தனை வருஷம் ஒரே அடுப்படியில் இருந்தவள் இவ்வளவு பேசுவாள் என்று மிளகாய் நினைத்ததே இல்லை.

"அந்தக் கதையை நான் விட்டிருக்கக் கூடாதுதான்" என்று கிளம்பும் நாளில் மிளகாய் செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னாள். "ஆனா அதைத் தவிர என் கையில வேற என்ன இருந்தது, சொல்லு."

சின்னவள் யோசித்தாள். "ஒண்ணும் இல்லைதான்க்கா" என்றாள்.

வீட்டுக்கு வந்து நேராகக் கொட்டகைக்குப் போனாள். இத்தனை நாளும் தையல்காரர்தான் கறந்திருக்கிறார். ஊசி பிடிக்கிற விரல்கள் வீங்கிப்போயிருந்தன. ஒரு பசுவை முழுதாகக் கறக்காமல் விட்டு ஒரு காம்பு கட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் அவள் ஆரம்பித்தாள். வெந்நீர் வைத்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டே திட்டினாள். அவர் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். எழுந்து முன்னறைக்குப் போகவில்லை.

அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது, "உன்னைக் கேட்டிருக்கணும்" என்றார். "தப்புதான். இதுவும் தொழில்தான்னு இந்த நாலு நாள்ல தெரிஞ்சுது."

அந்த வார்த்தைக்காக அவள் எவ்வளவு காத்திருந்தாள்! வந்தபோது அது ஒரு கிடாரி அளவுக்குப் பெரிதாக இல்லை. அவள் ஒத்தடத் துணியைப் பிழிந்தாள்.

"என்கிட்ட மட்டும் சொன்னா எப்படி? பேசி முடிச்சது உங்க தம்பி முன்னாடிதானே? அவன் முன்னாடி சொல்லுங்க."

அவர் தலையாட்டினார். அடுத்த ஞாயிறு தம்பி வீட்டுக்குப் போய், கூடத்தில் நின்றபடி, தொண்டையைக் கனைத்துக் கனைத்துச் சொல்லவும் செய்தார். லாரிக்காரன் தரையைப் பார்த்தான். சின்னவள் எல்லோருக்கும் டீ கொண்டுவந்து வைத்தாள். மிளகாய் தன் டம்ளரைத் தொடவில்லை. கொல்லைப்புறம் போய்க் கன்றின் கயிற்றைக் கொஞ்சம் நீளமாக அவிழ்த்துக் கட்டிவிட்டு, தண்ணீர்த் தொட்டியை யார் இப்படிக் கழுவாமல் வைத்திருப்பது என்று அங்கிருந்தே சத்தம் போட ஆரம்பித்தாள்.